சத்துவாச்சாரி கிங்ஸும் அறுநூறு ரூபாயும்

கேள்வி:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பாஸ்கெட்பால் பைத்தியம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் சேக்ரமெண்டோ கிங்ஸ் என்று ஒரு டீம். 2019-ல் மும்பைக்கு வந்து ஆடினார்கள். அன்றிலிருந்து அவர்கள்தான் என் டீம். ஜெயிக்க மாட்டார்கள், அதனாலேயே பிடிக்கும். இரண்டு வருஷமாக ‘சத்துவாச்சாரி கிங்ஸ்’ என்ற பெயரில், ‘பிறந்ததிலிருந்து கப் அடிக்காத ராஜாக்கள்’ என்று போட்டுக்கொண்டு, அவர்களைக் கிண்டல் செய்து எக்ஸிலும் இன்ஸ்டாவிலும் பேஜ் நடத்துகிறேன். பதினோராயிரம் ஃபாலோயர்கள். புரொஃபைல் படம் அவர்களுடைய அசல் லோகோதான்.

போன மாதம் விளையாட்டாக ஒரு பதிவு போட்டேன். ‘கிங்ஸ் அணி வேலூர் வருகிறது! நேதாஜி ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. டிக்கெட் 200 ரூபாய்.’ தமாஷுக்காக என் ஜிபே நம்பரையும் கீழே போட்டேன். மூன்று பேர் நிஜமாகவே பணம் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் ஆம்பூர் பக்கம் பிள்ளைகளுக்குக் கோச். இருபது பிள்ளைகளிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். இப்போது ‘சைபர் கிரைமில் கொடுப்பேன், 66ஏ-வில் உள்ளே போவாய்’ என்கிறார்.

இதற்கு நடுவில் மேட்ச் வீடியோவுக்கு வேலூர் பாஷையில் டப்பிங் செய்து யூடியூபில் போட்டதற்குக் காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தது. 2002 மேட்ச் ஒன்றில் ரெஃப்ரி ஒருவர் துட்டு வாங்கிவிட்டார் என்று பெயர் போட்டு ஒரு மீம் போட்டிருக்கிறேன். ஒரு பிரியாணிக் கடைக்காரர் 1,500 ரூபாய் கொடுத்தார் என்று, ஒரு ஆட்டக்காரர் அந்தக் கடைத் தட்டோடு நிற்பதுபோல எடிட் செய்து கொடுத்தேன். டிஷர்ட் அடித்து விற்கவும் ஆசை. அப்பாவோ பேஜை மூடு என்கிறார். மூட வேண்டுமா?

பதில்:

தம்பி, முதலில் அந்த அறுநூறு ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு அனுப்பிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குப் போக வேண்டும். ‘அது கிண்டல் பதிவு, போட்டி எதுவும் இல்லை, மன்னிக்கவும்’ என்று ஒரு வரியும் சேருங்கள். அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏனென்றால், உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆறேழு விஷயங்களில் நிஜமான ஆபத்து இந்த ஒன்றில்தான் இருக்கிறது. அந்தக் கோச் மிரட்டும் 66ஏ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் செத்துப்போன பிரிவு. 2015 மார்ச் 24-ஆம் தேதி, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. இன்னமும் டீக்கடையில் அதன் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே சட்டத்தில் 66டி உயிரோடு இருக்கிறது. கணினியையோ போனையோ கொண்டு, இன்னொருவராக வேஷம் போட்டு ஏமாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் பதிவைப் பாருங்கள். அசல் லோகோ இருக்கிறது, அசல் அணியின் பெயர் இருக்கிறது, ஊரில் நிஜமாக இருக்கிற ஸ்டேடியம் இருக்கிறது, விலை இருக்கிறது, பணம் கட்ட நம்பரும் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நானும் தேடிப் பார்த்தேன்.

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்ததா என்பதுதான் ஏமாற்று வழக்கின் உயிர்நாடி. உங்களுக்கு அது இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் இன்ஸ்பெக்டர் உங்கள் மனசைப் பார்க்க மாட்டார், ஜிபே ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பார். பணம் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பேச்சுக்கு எடை குறையும். இன்னொன்றும் உண்டு. 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு யாராவது போன் செய்து புகார் பதிந்தால், பணம் போன வங்கிக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். இருநூறு ரூபாய்ப் புகாருக்காகச் சம்பளக் கணக்கு முடங்கி, வாடகை கட்ட வழியில்லாமல் வங்கிக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பதிவை உடனே அழிக்க வேண்டாம். முதலில் தேதியும் நேரமும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம் எடுங்கள். அந்த மூவரோடு பேசிய இன்பாக்ஸையும் எடுங்கள். பிறகு அதே பேஜில், அதே அளவுக்குக் கண்ணில் படும்படி, ‘அது பொய், பகடி என்று சொல்லாமல் விட்டது என் தவறு’ என்று போடுங்கள். அதற்கப்புறம் பழையதை எடுத்துவிடலாம். அந்தக் கோச்சிடம் மெசேஜில் பேசாதீர்கள். போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள், ஆம்பூர் என்ன அத்தனை தூரமா? இருபது பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு முகம் செத்து நிற்கிற மனிதர் அவர். ஒரு நல்ல பந்து வாங்கிக்கொண்டு போனால் தப்பில்லை. இது சட்ட ஆலோசனையில் சேராது, இருந்தாலும் சொல்கிறேன்.

சரி, பகடிக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய பதிவுகளை எல்லாம் படித்தேன். பள்ளியில் நானும் கூடைப்பந்து ஆடியவள்தான். உயரம் ஐந்தடி, அதனால் பந்தைக் கொண்டுபோய் உயரமானவர்களிடம் கொடுப்பது மட்டுமே என் வேலை. உங்கள் ‘பாலாறு’ பதிவுக்குச் சிரித்துவிட்டேன். கிங்ஸ் தொடர்ந்து 16 சீசன்கள் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. என்.பி.ஏ. வரலாற்றிலேயே நீளமான வறட்சி அது. நீங்கள் என்ன எழுதினீர்கள்? ‘பாலாத்துலயே 2021-ல தண்ணி வந்துச்சு நைனா, இவுங்களுக்கு 2023 வரைக்கும் ஆச்சு.’ வேலூர்க்காரனைத் தவிர யாராலும் எழுத முடியாத வரி. அந்த நவம்பர் வெள்ளத்தைப் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் முழு ருசியும் தெரியும். இதை எந்த நீதிமன்றமும் தொடாது. அந்த அணியே படித்தாலும், மொழிபெயர்த்துச் சொன்னால், சிரித்துவிட்டுப் போவார்கள்.

அதே கைதான் ‘கிங்ஸ் வேலூர் வருகிறது’ என்பதையும் எழுதியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ம ஊர்க் கூத்தை வைத்துச் சொன்னால் சீக்கிரம் புரியும். பழைய வடாற்காடு முழுக்கத் தெருக்கூத்து பூமி. கூத்துக்குப் பேர்போன புரிசையெல்லாம் 1989 வரை நம் மாவட்டம்தானே. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று கர்ஜிப்பான். கட்டியங்காரன் அவன் எதிரிலேயே நின்று, ‘நீ யாரு, எந்த ஊரு, இன்னா சோலியா வந்த?’ என்று கேட்பான். மகாராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊர்ப் பண்ணையாரையும், ரேஷன் கடையையும், பஞ்சாயத்துத் தேர்தலையும் இழுத்துவிட்டு ஒரு ரவுண்டு அடித்துவிடுவான். அவனை யாரும் அடித்ததில்லை. கோமாளி உடுப்பும் குல்லாவும் போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன் சொல்வது கேலி என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆள் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் மாட்டிக்கொண்டு துரியோதனனாக வந்து, ‘நாளைக்கு எல்லாருக்கும் வரி தள்ளுபடி’ என்று சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் ஜனங்கள் மணியக்காரர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

நீங்கள் செய்தது அதுதான். குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

இதில் நீங்கள் மட்டும் தனி ஆள் இல்லை. 2022 நவம்பரில் எட்டு டாலர் கொடுத்தால் நீல டிக் என்று ட்விட்டரில் ஆரம்பித்தார்களே, அந்த வாரமே லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் பெயரில் ஒரு போலிக் கணக்கு, ‘லேக்கர்ஸை விட்டுப் போகிறேன், என்னை டிரேடு செய்யுங்கள்’ என்று எழுதியது. நீல டிக் இருந்ததால் நம்பினார்கள். அதே வாரம் எலி லில்லி மருந்துக் கம்பெனியின் பெயரில் ஒருவர் ‘இன்சுலின் இனி இலவசம்’ என்று போட, நிஜக் கம்பெனி மன்னிப்புக் கேட்டு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. என்.பி.ஏ. ரசிகர்களுக்கு ‘என்.பி.ஏ. சென்டெல்’ தெரியாமல் இருக்காது. என்.பி.ஏ. சென்ட்ரல் என்ற செய்திக் கணக்கின் பெயரை லேசாகத் திருகி, அச்சு அசலாக அதே நடையில் பொய்ச் செய்தி போடும் பகடிக் கணக்கு. ஏமாந்தவனை ‘சென்டெல் ஆகிவிட்டான்’ என்று சொல்கிற அளவுக்கு அது வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது.

அவர்கள் செய்கிறார்கள், நான் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். என்னைக் கேட்டால், நம்பும்படியான பொய்ச் செய்தி பகடியில் மட்டமான ரகம். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸை வாங்கிக்கொண்டது. செய்தியை முதலில் சொன்ன நிருபரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். ‘ஆமாம், உண்மைதான்’ என்று அவர் இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது. நிஜமே இப்படி நடந்துகொள்ளும்போது, ‘இன்னாரை இன்னாருக்கு விற்றுவிட்டார்கள்’ என்று நீங்கள் எழுதினால் அதில் கேலி எங்கே இருக்கிறது? அது வெறும் தப்பான செய்தி. பாலாற்று வரியில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா?

ஆகவே பேஜை மூட வேண்டாம். குல்லாவை மாட்டுங்கள். எக்ஸ் தளத்தில் இது இப்போது விதியே. பகடி, ரசிகர் கணக்குகள் அப்படிப்பட்டவை என்பதைக் கணக்கின் பெயரிலேயே, அதுவும் முதலிலேயே சொல்ல வேண்டும், அசல் கணக்கின் படத்தை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2025 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். ஆகவே ‘பகடி: சத்துவாச்சாரி கிங்ஸ்’. பயோவில் எங்கோ மூலையில் எழுதினால் போதாது. பகிரும்போது பயோ கூடப் போவதில்லை, பெயரும் படமும்தான் போகும். லோகோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ‘சத்துவாச்சாரி கிங்ஸ்’ என்ற பெயரில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேக்ரமெண்டோவைச் சத்துவாச்சாரி ஆக்கியதிலேயே பாதிப் பகடி முடிந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊரில் ராஜா ஏது என்ற கேள்வி வேறு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘கிங்ஸ்’ என்ற சொல்லுக்கும் யாரும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. சென்னையிலும் பஞ்சாபிலும் கிங்ஸ் இருக்கிறார்களே.

சின்னங்களைக் கேலி செய்வது பற்றி நம் நாட்டில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. டாட்டா குழுமம் பங்கு வைத்திருந்த ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் அமைப்பு ஒரு கணினி விளையாட்டு தயாரித்தது. ஆமை ஓடும், டாட்டா சின்னம் பூதமாகத் துரத்தும். பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு டாட்டா வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. விமர்சனத்துக்காகச் சின்னத்தைக் கேலி செய்வதைத் தடுத்தால் பேச்சுரிமைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவிலும் 1996-ல் இதுபோல ஒன்று உண்டு. பேஸ்பால் வீரர்களின் சம்பளத்தையும் பந்தாவையும் கேலி செய்து கார்ட்டூன் அட்டைகள் போட்ட ஒரு கம்பெனிக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த வழக்கு. அட்டை போட்டவர் ஜெயித்தார்.

இதைப் படித்துவிட்டு உடனே டிஷர்ட் அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி பாட்டில் மாதிரியே நாய் கடிக்கும் பொம்மை செய்து ஒரு கம்பெனி விற்றது. பார்த்தாலே கேலி என்று தெரியும். ஆனாலும், அந்தக் கேலிப் பெயரையே உன் சரக்குக்கு அடையாளமாக வைத்து விற்கும்போது பகடி என்று சொல்லித் தனிச் சலுகை கேட்க முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். நமக்கு அந்தத் தீர்ப்பு கட்டுப்பாடில்லை, ஆனால் நம் வணிகச் சின்னச் சட்டத்தின் போக்கும் ஏறக்குறைய அதுதான். பதிவு போடுவது பேச்சு, சட்டை விற்பது வியாபாரம். டிஷர்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் ஊதா நிறமும் அவர்கள் கிரீடமும் வேண்டாம். கோட்டை மதில், உள்ளே ஒரு காலி நாற்காலி, தமிழ் எழுத்தில் உங்கள் பெயர். நீங்களே வரையுங்கள், இல்லை குடியாத்தத்தில் பலகை எழுதுகிற யாரையாவது பிடியுங்கள். அதை நானே ஒன்று வாங்குவேன்.

பிரியாணி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டக்காரரை நூறு விதமாகக் கேலி செய்யலாம். கிரிக்கெட் வீரர்களின் டிஜிட்டல் அட்டை பற்றிய 2023 வழக்கில், பிரபலங்களின் பெயரையும் படத்தையும் நையாண்டிக்கும் செய்திக்கும் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1,500 ரூபாய் கை மாறியதும் அது நையாண்டி இல்லை, விளம்பரம். பிரபலம் ஒருவரின் பெயரையும் பாணியையும் அவர் சம்மதமில்லாமல் காசாக்கக் கூடாது என்பதற்கு நம் மெட்ராஸ் ஐகோர்ட்டே 2015-ல் ரஜினிகாந்த் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் வேலூருக்கு வக்கீலை அனுப்புவாரா என்றால், அனுப்ப மாட்டார். ஆனாலும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். கடைக்காரரிடம் சொல்லி அவர் பேனரிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது விளம்பரம்தானே? உங்கள் கட்டியங்காரனையே தட்டோடு நிற்க வைத்து, ‘கட்டண விளம்பரம்’ என்று மேலே எழுதிப் போடுங்கள்.

இப்போது ரெஃப்ரி மீம். இது எல்லாவற்றையும்விட நுணுக்கமானது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘நான் கிண்டலாகத்தானே சொன்னேன்’ என்பது அவதூறு வழக்கில் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்ததுதான். அதன் விளக்கம் ஒன்று ஏறக்குறைய இப்படிப் போகிறது: குற்றச்சாட்டை வஞ்சப்புகழ்ச்சியாகவோ ‘இதுவா, அதுவா’ என்ற மாற்று வடிவிலோ சொன்னாலும் அது அவதூறு ஆகலாம். 1860-ல் சட்டம் எழுதியவர்களுக்கே மீம் போடுகிறவர்களைத் தெரிந்திருக்கிறது பாருங்கள். தண்டனை இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. தனி மனிதருக்கு மட்டுமின்றிக் கம்பெனிக்கும் சங்கத்துக்கும்கூட இது பொருந்தும்.

அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமான விதிவிலக்கும் இருக்கிறது. பொதுமக்கள் முன்னால் வைக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. ஆட்டம் அப்படிப்பட்ட நிகழ்ச்சி. மோசமாக ஆடினார்கள், மோசமாக விசில் ஊதினார்கள் என்று எப்படி வேண்டுமானாலும் கழுவி ஊற்றுங்கள். ‘துட்டு வாங்கினார்’ என்பது கருத்து இல்லை. அது ஒரு ஆள் மேல் வைக்கிற குற்றம், அதற்குச் சாட்சி வேண்டும். உங்களிடம் இருக்கிறதா? கிங்ஸும் லேக்கர்ஸும் மோதிய 2002 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைப் பற்றி ரசிகர்களுக்கு இன்னும் வயிறு எரிகிறது என்று எனக்கும் தெரியும். 2007-ல் டிம் டோனாகி என்ற ரெஃப்ரி சூதாட்டக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, பழைய ஆட்டங்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சேர்ந்து அந்த எரிச்சல் இன்னும் கிளம்பியது. என்.பி.ஏ. அதை மறுத்தது. அந்த 2002 ஆட்டத்தில் விசில் ஊதியவர்களில் டோனாகி இல்லை. நீங்கள் பெயர் போட்டிருப்பதோ வேறொரு மனிதர். அந்த மீமை எடுத்துவிடுங்கள்.

அந்த ஆட்டத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசிக் குவார்ட்டரில் மட்டும் லேக்கர்ஸுக்கு, ரெஃப்ரி ஃபவுல் கொடுத்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 27. இந்த எண் உண்மை, யாராலும் மறுக்க முடியாது. ‘பன்னிரண்டு நிமிஷத்தில் 27 ஃப்ரீ த்ரோ. ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானம் போட்டாலே இவ்வளவு தாராளம் வராது’ என்று எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? இது என் சரக்கு, சுமார்தான். நீங்கள் இதைவிட நன்றாக எழுதுவீர்கள்.

யூடியூப் ஸ்ட்ரைக்கைப் பற்றிச் சுருக்கமாக. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, ஆனால் ‘பகடி’ என்ற சொல் அதில் இல்லை. 1996-ல் கேரள உயர் நீதிமன்றம், புகழ்பெற்ற ஒரு மலையாள நாடகத்தைக் கேலி செய்து எழுதப்பட்ட எதிர் நாடகத்தை அனுமதித்தது. அப்போது அது பார்த்தவை மூன்று: எவ்வளவு எடுத்தாய், எதற்காக எடுத்தாய், மூலத்தோடு போட்டி போடுகிறதா. உங்கள் வீடியோவில் ஆட்டக் காட்சி நான்கு நிமிஷம் முழுசாக ஓடுகிறது. டப்பிங்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அவர்கள் காசுக்கு விற்கிற ஹைலைட்ஸ்தான். ஸ்ட்ரைக்கை மறுத்து யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு கொடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அதில் உங்கள் பெயர், முகவரி கொடுத்து, அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்புக்கும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். நான்கு நிமிஷ வீடியோவுக்கு அது தேவையா? ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகும். அதற்குள் மூன்று வாங்கினால் சேனல் போய்விடும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த தடவை உங்கள் தெருப் பையன்களையே ஜெர்ஸி போட்டு ஆட வைத்து எடுங்கள். சேக்ரமெண்டோவில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை எட்டரைக்கு வருகிறது. ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே மேட்ச் பார்க்கிறவனை நடிக்க வைத்தாலே போதும், வசனம் தானாக வரும்.

அப்பாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஊரே கொதித்தது, சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அப்பா வயசுக்காரர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். கிண்டல் செய்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவர் நினைப்பது சும்மா வந்ததில்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். பணத்தைத் திருப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒருவேளை கோச் முந்திக்கொண்டு புகார் கொடுத்து, ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால், தனியாகப் போகாதீர்கள். எடுத்து வைத்த படங்களை எல்லாம் அச்சு எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலோடு போங்கள்.

கடைசியாக உங்கள் பேஜின் வாசகம். நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பெண்களைப் பற்றியும் அதில் ஒன்று வரும், அதை நான் எழுதப் போவதில்லை. 1981-ல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பவும் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்ததும் அதில் ஒரு வரி செல்லாமல் போய்விட்டது. ஆனால் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘பிறந்ததிலிருந்து கப் அடிக்காத ராஜாக்கள்’ என்பதும் அந்த மாதிரிதான். உங்கள் அணி ஒரு தடவை ஜெயித்திருக்கிறது. 1951-ல். அப்போது அவர்கள் ராச்செஸ்டர் ஊரில் இருந்தார்கள், பெயர் ராயல்ஸ். அங்கிருந்து சின்சினாட்டி, அப்புறம் கான்சாஸ் சிட்டி என்று மூட்டை தூக்கிக்கொண்டு அலைந்து, 1985-ல்தான் சேக்ரமெண்டோவுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசகத்தைத் திருத்திவிடுங்கள். ‘தாத்தா காலத்தில் ஒரு கப் வாங்கிவிட்டு, அதைச் சொல்லிக்கொண்டே ஊர் ஊராகத் திரியும் ராஜா’ என்று போட்டால், ஆற்காட்டுப் பக்கம் பாதிக் குடும்பங்கள் தங்களைத்தான் சொல்கிறீர்களோ என்று நினைக்கும். அதற்கு வழக்கு வந்தால் ஃபீஸ் வாங்காமல் நான் வருகிறேன்.